ஏ.பி.சி. மாத்திரையும் எங்கள் தங்கவயலும்

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை. மெல்பர்னில் வீட்டுப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் அம்மாவுக்கென்று நாலு பாக்கெட் பாராசிட்டமால் எடுத்துக்கொண்டு கல்லாவில் நின்றேன். அங்கிருந்த பெண் ரெண்டை மட்டும் பில் போட்டுவிட்டு, மிச்சம் ரெண்டை ஓரமாக எடுத்து வைத்துவிட்டாள். ஒரு ஆளுக்கு ரெண்டுதானாம். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே 16 மாத்திரைதான். முன்னே 20 இருக்கும். 2025 பிப்ரவரியில் இருந்து ஆஸ்திரேலியாவில் சட்டம் மாறி, மருந்துக்கடை அல்லாத கடைகளில் 16-க்கு மேல் உள்ள பாக்கெட் விற்கக்கூடாது என்று ஆகிவிட்டது.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். தலைவலி மாத்திரைக்கு இத்தனை கெடுபிடியா? எங்கள் ஊரில் பெட்டிக்கடையில் பீடி, தீப்பெட்டி, பாக்கு மாதிரி உதிரியாக வாங்குகிற சாமான் ஆயிற்றே இது!

வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இதைப் புலம்பினேன். எண்பது தாண்டிய வெள்ளைக்காரப் பாட்டி. சிரிப்பார் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. "என் அம்மா பொடி போட்டே செத்தார், தெரியுமா?" என்றார். அவர் சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டு இருக்கும்போதே எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. இந்தப் பதிவு அந்த இரண்டு பேரையும் பற்றியது.

(முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுகிற மென்பொருள் ஆசாமி. மருத்துவர் சொன்ன மாத்திரையை இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் நிறுத்த வேண்டாம்.)

தாத்தா தங்கவயல் சாம்பியன் ரீஃப் மைன்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். கோலார் தங்கவயல் என்று மேப்பில் போட்டிருக்கும்; கே.ஜி.எஃப். என்றால் இப்போது சினிமாவைத்தான் சொல்கிறார்கள். எங்களுக்கு அது தங்கவயல். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து தோண்ட ஆரம்பித்தபிறகு வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்தில் இருந்து சாரிசாரியாக வந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். கன்னட நாட்டுக்குள் ஒரு தமிழ் ஊர்.

சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போன சுரங்கம். அவ்வளவு கீழே போனால் பாறையே 60 டிகிரிக்கு மேல் சுடும். மேலே இருந்து காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தாலும் கீழே புழுக்கம்தான். கேஜில் இறங்கினால் உடம்பில் துணி நிற்காது, கோவணம்தான் என்பார் தாத்தா. வேர்வை வழிந்து ஷூவுக்குள் தேங்குமாம். டிரில்லிங் மிஷினைத் தோளில் அணைத்துப் பிடித்தால் எலும்பெல்லாம் ஆடும். திடீரென்று பாறை வெடித்துச் சிதறும். "ஏர் பிளாஸ்ட்" என்று பெயர். அது ஆளைக் கேட்டு வராது.

இதெல்லாம் போக மண்டையிடி. டைனமைட் வகை வெடிமருந்தில் இருக்கிற நைட்ரோகிளிசரின் ரத்தக் குழாய்களை விரியவைக்கும். அந்தப் புகையில் போய் வேலை செய்தால் தலை பிளக்கும். உலகத்தில் எந்தச் சுரங்கத் தொழிலாளியைக் கேட்டாலும் இந்தத் தலைவலியைச் சொல்வார்.

தாத்தாவின் இடுப்பு மடிப்பில் எப்போதும் ஒரு சின்ன டப்பா இருக்கும். மூக்குப்பொடி டப்பா. அதில் பொடி இருக்காது, வெள்ளை மாத்திரைகள் இருக்கும். ஏ.பி.சி. என்று பெயர். லைன் வீட்டு முனையில் இருந்த பெட்டிக்கடையில் கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்திருப்பார்கள். ஷிஃப்ட்டுக்குப் போகும்முன் டீயோடு ரெண்டு, வந்தபிறகு ரெண்டு. ரிடையர் ஆனபிறகும் விடவில்லை. "போடலைன்னா தலை இடிக்குதுடா, கை நடுங்குது" என்பார். கடைக்கு ஓடி வாங்கி வந்தது நான்தான். மிச்சம் அஞ்சு காசு எனக்கு.

அந்த ஏ.பி.சி. என்றால் என்ன என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. ஏ - ஆஸ்பிரின். சி - காஃபின், அதாவது டீ, காப்பியில் இருக்கிற சரக்கு. நடுவில் இருக்கிற பி-தான் கதாநாயகன், வில்லன் இரண்டும். பினாசிட்டின்.

ஜெர்மனியில் பேயர் கம்பெனி சாயம் செய்துகொண்டு இருந்தது. சாயம் செய்யும்போது மிஞ்சுகிற ஒரு வேதிப்பொருள் கழிவாகக் குவிந்து கிடந்தது. அதை ஏதாவது காசாக்க முடியுமா என்று யோசித்ததில் பிறந்ததுதான் பினாசிட்டின். 1880களின் கடைசியில் சந்தைக்கு வந்தது. ஆஸ்பிரினுக்கே இது அண்ணன். ஆஸ்பிரின் கடைக்கு வந்தது 1899-ல். எங்கள் ஊரில் மண்ணைத் தோண்ட ஆரம்பித்த அதே பத்தாண்டில்தான் அங்கே இந்த மாத்திரையும் பிறந்திருக்கிறது.

காய்ச்சலும் தலைவலியும் நன்றாகக் கேட்டது. வயிற்றை ஆஸ்பிரின் அளவுக்குப் புண்ணாக்கவில்லை. டாக்டர்களுக்கும் பிடித்துப்போனது. ஆஸ்பிரின், காஃபின் இரண்டையும் சேர்த்து உலகம் முழுக்க மாத்திரையாகவும் பொடியாகவும் விற்றார்கள். அனாசினில் இருந்திருக்கிறது, சாரிடானில் இருந்திருக்கிறது. இலங்கை வானொலியில் தலைவலி மாத்திரை விளம்பரம் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு நான் சொல்லவே வேண்டாம்.

இப்போது ஸ்வீடனுக்குப் போவோம். அங்கே ஹுஸ்க்வார்னா என்று ஒரு ஊர். துப்பாக்கித் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த ஊர், எங்கள் ஊர் மைன்ஸை நம்பி வாழ்ந்த மாதிரி. 1918-ல் ஸ்பானிஷ் ஃப்ளூ வந்தபோது ஹ்யோர்டன் என்ற டாக்டர் ஒரு பொடி கொடுத்தார். பினாசிட்டின், ஃபினாசோன், காஃபின் கலந்தது. ஃப்ளூ போய்விட்டது, பொடி போகவில்லை. பொடி போட்டால் வேலை வேகமாக ஓடுகிறது என்று ஆட்கள் நம்பினார்கள். பிறந்தநாளுக்குப் பரிசாகப் பொடி பாக்கெட் கொடுக்கிற அளவுக்குப் போனது. அப்புறம் அந்த ஊரில் மட்டும் சிறுநீரகம் கெட்டுச் சாகிறவர்கள் அதிகமானார்கள். 1961-ல் ஸ்வீடனில் டாக்டர் சீட்டு இல்லாமல் பினாசிட்டின் கிடையாது என்று ஆக்கினார்கள். கிரிம்லுண்ட் என்ற மருத்துவர் அந்தத் தொழிலாளிகளை ஆராய்ந்து 1963-ல் எழுதிய ஆய்வு, பொடிக்கும் சிறுநீரகத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தது.

அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1953-ல், ஸ்விட்சர்லாந்தில் ஷ்பூலர், ஸோலிங்கர் என்ற இரண்டு பேர் இதைக் கண்டு சொல்லியிருந்தார்கள். அங்கே மாட்டியவர்கள் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஆட்கள். நாள் முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொடிப்பொடிச் சக்கரங்களைப் பொருத்துகிற வேலை. தலை வலிக்காமல் என்ன செய்யும்?

மூன்றாவது ஊர், இப்போது நான் உட்கார்ந்து தட்டிக்கொண்டு இருக்கிற ஊர். ஆஸ்திரேலியாவில் பெக்ஸ், வின்சென்ட்ஸ் என்று இரண்டு பொடிகள். இரண்டுமே ஏ.பி.சி. சரக்குதான். தொழிற்சாலைப் பெண்களும் வீட்டுப் பெண்களும் டீயோடு இதை நாளைக்கு நாலு, ஆறு என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் அம்மா தையல் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். கைப்பையில் லிப்ஸ்டிக் இல்லாமல் போனாலும் போவாராம், பொடி இல்லாமல் போகமாட்டாராம். ஐம்பத்தெட்டு வயதில் சிறுநீரகம் போய், டயாலிசிஸில் கொஞ்ச காலம் இருந்து இறந்தார்.

1970களில் ஆஸ்திரேலியாவில் டயாலிசிஸுக்கு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காரணம் இந்த வலி மருந்துகள். அதை விடாமல் சொல்லிச் சொல்லி அரசாங்கத்தை அசைத்தவர் பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித் என்ற பெண் மருத்துவர். ராயல் மெல்பர்ன் ஆஸ்பத்திரியில் இருந்தவர், 2015-ல் மறைந்தார். அவர் பிறந்தது தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க்கில். அதுவும் தங்கச் சுரங்க ஊர்! 1979-ல் இந்தக் கூட்டு மருந்துகள் கடையில் சும்மா கிடைக்காது என்று ஆக்கினார்கள். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் இந்த நோயே படிப்படியாகக் குறைந்துபோனது.

சரி, மாத்திரைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்?

சிறுநீரகத்தின் உட்பகுதிக்குப் போகிற ரத்தம் ஏற்கனவே குறைவு. மருந்தின் கழிவு அங்கேதான் கெட்டியாகச் சேரும். வருஷக்கணக்கில் சேர்ந்து அந்த இடம் செத்துப்போகும். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வரவும் பினாசிட்டின் காரணமாக இருந்தது. இதில் கொடுமை என்னவென்றால், சிறுநீரகம் இப்படிச் சாகும்போது பெரும்பாலும் வலிக்காது. முக்கால்வாசி போனபிறகுதான் கால் வீங்கும், மூச்சு வாங்கும். வலிக்குப் போட்ட மாத்திரை, வலியே தெரியாத இடத்தில் போய் வேலையைக் காட்டுகிறது.

காஃபின் பங்கு வேறு. தினமும் காஃபின் பழகிய உடம்புக்கு அது கிடைக்காவிட்டால் தலைவலி வரும். அந்தத் தலைவலிக்கு மறுபடி மாத்திரை. "போடலைன்னா தலை இடிக்குதுடா" என்று தாத்தா சொன்னது நோயை அல்ல, மாத்திரையை. இது புரிந்த அன்று நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பினாசிட்டின் போனால் பிரச்சினை தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. 1971-ல் ஜான் வேன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி, ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார். 1982-ல் நோபல் பரிசு. உடம்பில் ப்ரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருள் சுரக்கிறது. அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கூட்டுவது அதுதான். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் அதைத் தடுக்கின்றன, வலி குறைகிறது. ஆனால் அதே பொருள்தான் வயிற்றின் உள்தோலை அமிலத்தில் இருந்து காக்கிறது. அதே பொருள்தான், உடம்பில் தண்ணீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் சின்னக் குழாய்களைச் சுருங்கவிடாமல் திறந்து வைக்கிறது. மாத்திரைக்கு நல்ல இடம் கெட்ட இடம் தெரியாது. எல்லா இடத்திலும் தடுக்கும்.

இப்போது சாம்பியன் ரீஃப் ஆழத்தில் வேர்வையில் குளித்துக்கொண்டு, தண்ணீர் வற்றிய உடம்போடு, ரெண்டு ஏ.பி.சி. போட்டுக்கொண்டு நிற்கிற ஆளை நினைத்துப் பாருங்கள். இந்த மருந்தை எங்கே சாப்பிடக்கூடாதோ சரியாக அந்த இடம்.

தாத்தா 1984-ல் போனார். முகம் ஊதி, கால் ஊதி, சாப்பாடு பிடிக்காமல். ஆஸ்பத்திரியில் "கிட்னி ஃபெயிலியர்" என்று எழுதினார்கள். என்ன மாத்திரை போடுவீர்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. இந்தியாவில் பினாசிட்டினைத் தடை செய்தது 1983-ல். ஒரு வருஷம் முன்னால். அவருக்கு அந்தச் செய்தியே தெரியாது.

மாத்திரைதான் கொன்றது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கல்லுத்தூசியும் சிறுநீரகத்துக்கு ஆகாது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். 1940களில் தங்கவயல் தொழிலாளிகளை ஆயிரக்கணக்கில் பரிசோதித்துப் பார்த்ததில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் இருந்தது தெரியவந்தது. நுரையீரலை எண்ணினார்கள். எண்ணியதால்தான் நஷ்டஈடு பற்றிப் பேச முடிந்தது. ஹுஸ்க்வார்னாவில் சிறுநீரகத்தை எண்ணினார்கள், மெல்பர்னில் எண்ணினார்கள். எங்கள் லைன் வீடுகளில் கால் வீங்கிச் செத்தவர்களிடம் போய் "உன் டப்பாவில் என்ன இருக்கிறது?" என்று கேட்க ஒரு ஆள் வரவில்லை.

2001 பிப்ரவரி 28-ல் மைன்ஸ் மூடினார்கள். சங்கு நின்றது. ஆனால் ஊர் நிற்கவில்லை. விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் பிடித்து, பங்காருப்பேட்டை வழியாக பெங்களூர் போய், இரவு திரும்புகிற ஊராகிவிட்டது. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கட்டிட வேலை. போக நூறு கிலோமீட்டர், வர நூறு கிலோமீட்டர், நின்றுகொண்டே. இடுப்பு வலிக்காதா? வலிக்கும். அதற்கு இப்போது பெட்டிக்கடை ஏ.பி.சி. கிடையாது, மெடிக்கல் ஷாப் "செட்" இருக்கிறது.

செட் என்றால் தெரியும்தானே? "உடம்பு வலி, ஒரு செட் குடுங்க" என்றால் நாலைந்து மாத்திரையை ஸ்ட்ரிப்பில் இருந்து வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். பெயர் இருக்காது, தேதி இருக்காது. அதில் ஒன்று பெரும்பாலும் டைக்ளோஃபினாக்கோ அசெக்ளோஃபினாக்கோ இருக்கும். டைக்ளோஃபினாக் சட்டப்படி ஷெட்யூல் ஹெச் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. உரிமம் இல்லாத கடையில் ஆஸ்பிரின், பாராசிட்டமால் விற்கக்கூட ஆயிரம் பேருக்கு மிகாத கிராமத்துக்குத்தான் சட்டத்தில் சலுகை உண்டு. சட்டம் சட்டமாக இருக்கிறது, செட் செட்டாக இருக்கிறது.

டைக்ளோஃபினாக் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. கழுகு இல்லை, பிணந்தின்னிக் கழுகு. 1990களில் இந்தியா முழுக்கப் பொத்துப் பொத்தென்று விழுந்து செத்தன. சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்துபோயின. 2004-ல்தான் காரணம் தெரிந்தது. மாட்டுக்கு வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி போட்டிருக்கிறார்கள். அந்த மாடு செத்தபிறகு அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் போய்விட்டது. 2006-ல் மாட்டுக்குத் தடை வந்தது. பறவைக்கும் மனுஷனுக்கும் உடம்பு வேறு, ஒரு மாத்திரையில் நாம் விழமாட்டோம். ஆனால் மருந்து அடிக்கிற இடம் அதே இடம்.

இன்னொரு செய்தியும் என்னை உறுத்துகிறது. 2020-ல் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள், அந்தப் பக்கத்து விவசாயக் கூலிகளிடம் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாமலே சிறுநீரகம் கெடுவதைப் பற்றி எழுதி, அதற்குத் தொண்டைமண்டலத்தின் பெயரையே வைத்தார்கள். ஆந்திராவின் உத்தானம், இலங்கையின் வடமத்திய மாகாணம், இங்கெல்லாம் இதே கதை. காரணம் ஒன்று என்று யாரும் முடிவாகச் சொல்லவில்லை. வெயிலும் தண்ணீர் குடிக்காமல் உழைப்பதும் பலமாகச் சந்தேகிக்கப்படுகிறது, வலி மாத்திரை அதை மோசமாக்கும் என்ற கவலையும் இருக்கிறது. தொண்டைமண்டலம் என்றால் எங்கள் பூட்டன் கிளம்பி வந்த வட ஆற்காடும் அதில் அடக்கம்.

ஊருக்குப் போய் இறங்கியதும் முதல் வேலையாக அம்மாவின் அலமாரியைத் திறந்தேன். காகித மடிப்புகள், பன்னிரண்டு. ரத்த அழுத்தத்துக்கு ரெண்டு மாத்திரை, அதில் ஒன்று நீர் பிரியும் மாத்திரை, அதற்கு மேல் தினமும் ஒரு செட்! இந்த மூன்று வகையும் ஒன்று சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி என்று டாக்டர்கள் எச்சரிக்கிற அதே சேர்க்கை.

"இன்னாமா இது?"

"முட்டிக்குப்பா. அது போட்டாதான் ரெண்டு எட்டு நடக்க முடியுது. கடைக்காரத் தம்பி நல்ல மாத்திரைன்னு சொல்லிச்சு."

"எத்தினி நாளாப் போடற?"

"நைனா போனதுல இருந்து."

அப்பா போய் ஆறு வருஷம்.

மறுநாள் ரத்தம் எடுத்தோம். கிரியேட்டினின் 1.9. டாக்டர் நல்ல மனிதர், திட்டவில்லை. செட்டை நிறுத்தச் சொன்னார். ரத்த அழுத்த மாத்திரையை அவரே மாற்றிக் கொடுத்தார். வலி தாங்காதபோது மட்டும் பாராசிட்டமால், அதுவும் அவர் எழுதிய கணக்கில். பாராசிட்டமாலும் சாது கிடையாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு, அதாவது 650 மாத்திரை ஆறு. தாண்டினால் ஈரல் போகும். தண்ணி அடிக்கிறவர்களுக்கும் உடம்பு மெலிந்தவர்களுக்கும் அதற்கு முன்பே. சளி மாத்திரையிலும் செட்டிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும் என்பதால் கணக்கு தெரியாமலே தாண்டிவிடும். கல்லாவில் அந்தப் பெண் என் பாக்கெட்டைப் பிடுங்கி வைத்தது இதற்குத்தான்.

வெளிநாட்டில் இருக்கிற நண்பர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஊருக்குப் போனால் அப்பா அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். பெயர் இல்லாத மாத்திரை இருந்தால் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். தினமும் வலி மாத்திரை போடுகிறவர் என்றால் ஒரு கிரியேட்டினின் பரிசோதனை. அதற்கு ஆகிற செலவு ஒரு சினிமா டிக்கெட் அளவுதான்.

மூன்று மாதம் கழித்துப் போன வாரம் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். 1.5. முழுக்கத் திரும்பாது, ஆனால் இறங்கியிருக்கிறது. போனில் கேட்டேன், "முட்டி எப்டிமா இருக்குது?"

"வலிக்குதுப்பா. வலிச்சா உக்காந்துக்கறேன்."

தாத்தாவுக்கு அந்த வசதி இல்லை. சங்கு ஊதினால் கேஜ் இறங்கிவிடும்.